கயிறு பிடிப்பார் யார்?

தோழரே!

முத்தெடுத்த ஊர் தூத்துக்குடி. முத்து என்றதும் மன்னர் மார்பிலே புரண்ட மாலை நினைவுக்கு வரும். மங்கையர் காதிலே ஆடிய தோடு நினைவுக்கு வரும். அந்த முத்துக்காக மூழ்கினானே, அவனை நினைப்பவர் எத்தனை பேர்? இந்த ஞாயிற்றுக்கிழமை அவனைச் சற்று நினைத்துக்கொள்ளும். பிறகு நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

குளியாள் கடலில் இறங்கும் முறை இது. காலடியிலே ஒரு கல். விரைவாக அவனை ஆழத்துக்கு இழுத்துச் செல்ல. சிப்பி அள்ளிப் போட ஒரு பை. கல்லிலும் பையிலும் கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை படகின் விளிம்பிலே நிற்கும் ஒருவன் கையிலே. கீழே இருப்பவனுக்கு வாய்த்த நேரம் ஒரு நிமிடம், அல்லது சற்றுக் கூடக் குறைய. மூச்சு முட்டியதும் அவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே நிற்பவன் அந்தக் கணமே இழுக்கவேண்டும். வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்து நின்றுவிட்டால், மேலே வருவது முத்தல்ல, பிணம்.

1961-ஆம் ஆண்டோடு இந்தக் கடலிலே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர் இன்றும் இருக்கிறார்கள். நான் எழுதவந்ததோ கடலைப் பற்றி அல்ல. கரையிலே, தார் போட்ட சாலையிலே, நாள்தோறும் மூழ்கிக்கொண்டிருக்கிறானே ஒரு மனிதன் — காலால் நடந்து போகிற மனிதன் — அவனுடைய கயிறு யார் கையிலே இருக்கிறது என்று கேட்கவே எழுதுகிறேன்.

முத்தையாபுரம் பக்கத்திலே ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. அதன்பின் தோழர்களோடு தேநீர்க் கடையிலே உட்கார்ந்து உலகத்தையே திருத்திவிட்டு எழுந்தபோது மணி நான்கு. பேருந்து இல்லை. நடந்தேன். திருச்செந்தூர்ச் சாலையிலே இருட்டு. அந்த இருட்டிலே எனக்கு முன்னே ஏழெட்டுப் பெண்கள், கையிலே தூக்குச்சட்டி, தலையிலே துணிச் சும்மாடு, ஒருவர் பின் ஒருவராக எறும்புச் சாரைபோல் போய்க்கொண்டிருந்தார்கள். உப்பளத் தொழிலாளிகள். வெயில் ஏறுமுன்னே வேலையை முடிக்கவேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்புகிறவர்கள். பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் முதுகில் பட்டதும், ஏதோ கட்டளை பிறந்ததுபோல, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாலையைவிட்டுச் சரிவிலே இறங்கி நின்றார்கள். லாரி போயிற்று. ஏறினார்கள். அடுத்த லாரி வந்தது. இறங்கினார்கள். கால் மணி நேரத்துக்குள் நான் எண்ணியவரை பதினொரு முறை!

"ஓரமாப் போகக்கூடாதா, அம்மா?" என்று கேட்டுவிட்டேன். மேடைப் பேச்சாளனுக்கு வாய் சும்மா இராதல்லவா?

கடைசியாக நடந்த அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

"ஓரம் எங்கன தம்பி இருக்கு? இந்தக் கோடு வரைக்கும் லாரிக்காரன் எடம். கோட்டைத் தாண்டுனா முள்ளு. முள்ளைத் தாண்டுனா ஓடை. நீங்க மைக்குல பேசுற ஆளுதான? இதையும் சேத்துப் பேசுங்க."

சேர்த்துப் பேசத்தான் இந்த ஞாயிறு, தோழரே.

அந்த அம்மையார் சொன்னதிலே ஒரு சொல் மிகை இல்லை. பகலிலே போய்ப் பார்த்தேன். சாலையோரத்து வெள்ளைக் கோடு. அதற்கப்பால் ஒரு முழம் மண். அந்த மண்ணையும் கவ்விக்கொண்டு சீமைக்கருவேலம். மழைக்குப் பிறகு அது தன் கிளையைத் தாரின்மேலேயே நீட்டுகிறது. நடப்பவன் முள்ளுக்கு அஞ்சி ஓரடி உள்ளே வருகிறான். அந்த ஓரடியிலேதான் எமன் குடியிருக்கிறான்! முள்ளை வெட்ட ஒரு நாள் கூலி. வெட்டாததற்கு ஓர் உயிர் கூலி.

கணக்குக் கேட்பீர், கொடுக்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அச்சடித்து வெளியிட்ட கணக்கு. 2022-ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களிலே காலால் நடந்துபோனவர் மட்டும் 32,825 பேர். நாளுக்குக் கிட்டத்தட்ட 90 பேர். ஒரு கப்பல் கவிழ்ந்து 90 பேர் மாண்டால் நாடு கதறும்; நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்படும்; அமைச்சர்கள் விமானம் ஏறுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கப்பல் கவிழ்கிறது, தோழரே, கதறல் எங்கே? அதே ஆண்டு நமது தமிழ்நாட்டிலே சாலையில் மாண்டவர் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையிலே, 64,105 என்று, இந்தியாவுக்கே முதலிடம் நமக்கு. எதிலெதிலோ முதலிடம் பெற்றதாக மேடையேறி முழங்குகிறோம். இந்த முதலிடத்தை எந்த மேடையிலும் நான் முழங்கியதில்லை. நீர் கேட்டதும் இல்லை.

நான் நாடகம் எழுதுகிறவன். என் நாடகத்திலே ஒரு பாத்திரம் சாகவேண்டுமானால், ஏன் சாகிறான், யாரால் சாகிறான், அதைத் தடுக்க யாருக்கு வாய்ப்பிருந்தது என்று ஓர் அங்கம் முழுதும் காட்டியாகவேண்டும். காட்டாமல் சாகடித்தால் கொட்டகையிலே கூச்சல் எழும். ஆனால் நாளேட்டின் மூலையிலே, "அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி" என்று ஒரு வரி. காரணம் இல்லை, காட்சி இல்லை, கேள்வி இல்லை. ஏனெனில் அதை எழுதியவர், படித்தவர், புதைத்தவர் எல்லாரும் ஒரு சொல்லிலே கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் 'விதி'!

விதியாம் விதி! கல்லூரியிலே பௌதிகம் படிக்கப் போய்ப் பாதியிலே திரும்பியவன் நான். முழுப் பட்டம் பெற்றவர்கள் மன்னிக்க. அந்தப் பாதிப் படிப்பிலேயே ஒன்று கற்றேன்: வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். உலகச் சுகாதார நிறுவனம் இதையே மனித உடலின்மேல் வைத்துச் சொல்லுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதற்கும் 65 கிலோமீட்டரில் மோதுவதற்கும் இடையே, நடப்பவன் சாகும் அபாயம் நாலரை மடங்கு ஏறுகிறது. பதினைந்தே கிலோமீட்டர்! ஓட்டுபவனுக்கு அது பெருவிரலின் சிறு அழுத்தம். வீடு போய்ச் சேர இரண்டு மூன்று நிமிட மிச்சம். நடப்பவனுக்கு அது வீடு போவதா, சுடுகாடு போவதா என்ற வழக்கின் தீர்ப்பு. இதிலே விதிக்கு எங்கே வேலை?

வேறொரு நாட்டின் கதையைக் கேளும். இங்கிலாந்திலே 1865-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். சாலையிலே நீராவி வண்டி போகவேண்டுமானால், அதற்கு முன்னாலே ஒரு மனிதன் சிவப்புக் கொடி பிடித்து நடந்து போகவேண்டும்! ஊருக்குள்ளே மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல், அதற்குமேல் வேகம் கூடாது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். வண்டி முதலாளிகளும் அன்று சிரித்தார்கள், சீறினார்கள், 1896-இலே அந்த வேகக்கட்டைத் தகர்த்தார்கள். அதே 1896, ஆகஸ்டு 17. லண்டன் மாநகரிலே, கிரிஸ்டல் பேலஸ் மைதானத்திலே, பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி நடந்துகொண்டிருந்தபோது ஒரு மோட்டார் கார் மோதி மாண்டார். அந்நாட்டில் காரால் மாண்ட முதல் பாதசாரி என்று வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது. விசாரணை நடத்திய அதிகாரி, இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நிகழாது என நம்புவதாகச் சொன்னாராம். நல்ல மனிதர்! இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் சாலையில் மாள்வோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர்.

கொடி பிடித்தவனைத் திரும்ப அழைத்து வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டி வேண்டும், லாரி வேண்டும். வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய நமது துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. கப்பலோட்டிய தமிழன் கனவு கண்ட துறைமுக வாழ்வு அது. அதிலே எனக்குப் பெருமை உண்டு. உப்பும் உரமும் பெட்டகமும் கரியும் பருத்தியும் காரிலா போகும்? லாரியிலேதான் போகும். 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள், வியட்நாம் நாட்டு நிறுவனம் ஒன்று இங்கே மின்சாரக் கார்த் தொழிற்சாலையையும் திறந்துவிட்டது. இனி இந்த ஊர் கார் செய்யும் ஊர். செய்யட்டும்! அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளை பேருந்து நிறுத்தம் வரை நடந்துதானே போகவேண்டும்? அந்த நடைக்கு என்ன வழி செய்தீர் என்பதுதான் என் கேள்வி.

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலே மார்க்கோ போலோ என்ற வெனிசு நகரத்து வணிகன் இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தான். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்தான். எடுத்த முத்திலே பத்திலொரு பங்கு அரசனுக்கு. இருபதிலொரு பங்கு, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டி, குளியாட்களைக் காப்பவர்களுக்கு! இரவானதும் அந்த மந்திரத்தை அவிழ்த்தும் விடுவார்களாம். திருட்டுத்தனமாக எவனும் இறங்கி முத்தெடுக்காதிருக்க. எவ்வளவு சாமர்த்தியம் பாரும்! பின்னாளிலே வந்த ஆங்கிலேயர் ஆட்சியும் 'கடல்கட்டி' என்று பெயர் பெற்ற அந்த மந்திரக்காரருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. ஏன்? கடல்கட்டி கரையிலே இல்லாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள்.

மந்திரத்திலே நமக்கு நம்பிக்கை இல்லை. சுறாவுக்கும் இருந்திருக்காது! ஆனால் அந்தப் பொய்க்குள்ளே ஒரு மெய் இருந்ததைக் கவனியும். மூழ்குபவன் உயிருக்குக் காவல் வேண்டும், அந்தக் காவலுக்கு ஆகும் செலவு தொழிலின் செலவிலே சேரவேண்டும், அதுவரை தொழில் தொடங்காது என்று ஒரு முறை இருந்தது. இருபதிலொரு பங்கு! இன்று ஒரு நெடுஞ்சாலை போட 100 ரூபாய் செலவழித்தால், நடப்பவன் பாதுகாப்புக்கு அதிலே 5 ரூபாய் ஒதுக்குவாரா? ஒப்பந்தக்காரரைக் கேட்டுப் பாரும். உம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

எங்கள் நாடகக் குழுவிலே ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், விளம்பரம் விரும்பாதவர். கோவில்பட்டிப் பக்கத்திலே நாடகம் முடிந்து, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் தேநீர் குடிக்கப் போனார். அடித்த வண்டி நிற்கவில்லை. உயிர் பிழைத்தது, வலக்கால் முழங்காலோடு போயிற்று. மகள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மருத்துவம் பார்த்தார்கள். அடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் பட்டவருக்கு 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்க 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் ஒரு திட்டம் இருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது ஓராண்டு கழித்து! கிரேக்கம் பேசுவேன், ரோமாபுரி பேசுவேன். பக்கத்திலே படுத்திருக்கும் தோழருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், நீராவது அறிந்துகொள்ளும் என்பதற்காக.

இனி நகருக்குள்ளே வாரும். கிரேட் காட்டன் சாலை என்று ஒரு பெயர். பருத்திப் பொதி போன பெருமையைச் சொல்லும் பெயர். பொதிக்குப் பெயர் கிடைத்தது, பொதி சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை, போகட்டும். 2017-இலே தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திலே சேர்க்கப்பட்டது. சாலைகள் சில அகன்றன. ஓரங்களிலே நடைமேடையும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடையிலே நடந்து பாரும். பத்தடி நடந்ததும் மின்மாற்றி. சுற்றி இறங்கும். மீண்டும் ஏறினால் வரிசையாக மோட்டார் சைக்கிள். இறங்கும். ஏறினால் கடையின் படிக்கட்டு. இறங்கும். அப்பால் மூடி போன சாக்கடை. அதிலே மட்டும் இறங்கிவிடாதீர்!

பழம் விற்கும் கிழவியின் கூடையை நான் இந்தப் பட்டியலிலே சேர்க்கவில்லை. அவளும் நடந்து வந்தவள்தான். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று அதிகாரிகள் கிளம்பினால் முதலில் கவிழ்வது அவள் கூடை. கடைசிவரை அசையாதது கடைக்காரரின் கார். நடைமேடை வேண்டும் என்று நாம் கேட்பது அவளை விரட்டுவதற்காக அல்ல. அவளுக்கும் இடம் ஒதுக்கி, நடப்பவனுக்கும் இடம் ஒதுக்க முடியும். சாலையின் நடுவிலே நாற்பதடியை வண்டிக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள் ஓரத்திலே ஆறடிக்கு மட்டும் கிழவியோடு மல்லுக்கு நிற்பது ஏன்?

ஆறடி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த விதி அது. எவ்வித இடையூறும் இல்லாத நடைவழி, குறைந்தது 1.8 மீட்டர் அகலம். மேடையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முழங்கால் வலிக்கும் மூதாட்டி ஏறவேண்டாமா? நம் ஊரிலே சில மேடைகளை அளந்து பார்த்தேன். கூட்ட மேடை தோற்றது!

புறநகரின் கதை சுருக்கமானது. புதுப்புது மனைகள்; புதுப்புது வீடுகள்; நடுவிலே புறவழிச்சாலை. வீடு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு ஓட்டத்திலே கடக்கிறது. முதல் ஓட்டம் நடுத்தடுப்பு வரை. இரண்டாம் ஓட்டம் வகுப்பறை வரை. தாய் வாசலிலே நின்று பார்க்கிறாள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சிற்றூர்ப்புறம் இன்னும் மோசம். மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலை எட்டயபுரத்தையும் கீழஈராலையும் குறுக்குச்சாலையையும் தொட்டுக்கொண்டு வருகிறது. அகலமான சாலை, அருமையான சாலை. மதுரையிலே மதியம் சாப்பிட்டுக் கிளம்பி மாலைக் கூட்டத்துக்கு வந்து சேர எனக்கே அது உதவுகிறது. ஆனால் அது கரிசல் காட்டைக் கத்திபோல இரண்டாக வெட்டிவிட்டது. உளுந்துக் காடு ஒரு பக்கம், ஊர் மறுபக்கம். விறகுக் கட்டோடு வருகிறவள் சுரங்கப்பாதையைத் தேடி ஒரு கிலோமீட்டர் போய் ஒரு கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். வருவாளா? தலையிலே சுமை, தோழரே! தடுப்பிலே யாரோ பெயர்த்துவைத்த இடைவெளியிலே புகுகிறாள். "விதிமீறல்" என்று எழுதுகிறார்கள் அவள் மேலே.

தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்கு ஆயிரமாயிரம் பேர் நடக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்தே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வருவோர் பல நாள் நடை. இரவு நடை, வெயிலுக்கு அஞ்சி. காவல்துறை முதுகிலே ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புகிறது, நல்ல செயல். ஆயினும் தூக்கக் கலக்கத்திலே வரும் ஓட்டுநன் கண்ணுக்குப் பட்டை தெரியாமற் போகும் இரவுகள் உண்டு. பக்தியைப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். காலைப் பற்றி ஒரே கருத்துத்தான் இருக்கமுடியும். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்குச் சாலையோரமாகத் தனி நடைவழி போட முடிந்தது. செந்தூர்ச் சாலையிலே முழுதும் போட முடியாதா? போட்டால் ஆண்டிலே பத்து நாள் பக்தன் நடப்பான். மீதி 355 நாள் அந்த உப்பளத்து அம்மையார் நடப்பார்!

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டு மழையை ஒரு நாளில் கொட்டியது வானம். தாமிரவருணி கரை மீறிற்று; சாலைகள் அறுந்தன; ஸ்ரீவைகுண்டத்திலே ரயிலே நின்றுவிட்டது. கார் வைத்திருந்தவரும் கட்டைவண்டி வைத்திருந்தவரும் அன்று ஒரே வண்டியிலே போனார்கள், சொந்தக் கால். இடுப்பளவு நீரிலே, எங்கே சாலை எங்கே சாக்கடை என்று தெரியாமல், கம்பு ஊன்றிப் போனார்கள். நல்ல நடைமேடை ஒன்று இருந்தால், சாலை எங்கே முடிகிறது என்பதையாவது அது காட்டும்.

இந்த நகரத்து மக்கள் நடந்த இன்னொரு நாளும் உண்டு. 2018 மே 22. ஆலையை மூடு என்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள், துப்பாக்கி பேசியது, 13 உயிர் போயிற்று. அது தனிக் கதை. தனி ஞாயிறு வேண்டும். இங்கே குறிப்பிடுவது ஒன்றுக்காக மட்டும். ஏழைக்கு வாகனமும் நடைதான், விண்ணப்பமும் நடைதான். வேதாரணியத்துக்கு 1930-இலே உப்புக்காக நடந்தார்கள். 1938-இலே திருச்சியிலிருந்து சென்னைவரை தமிழுக்காக நடந்தார்கள். நடந்தவர்களின் நாடு இது. நடப்பவனுக்கு வழியில்லாத நாடாக அதை விடலாமா?

சட்டம் இல்லையா என்பீர். இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இலே உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். உடைந்த எலும்பை ஒட்டிக்கொண்டே இருந்தால் போதாது, உடைவதைத் தடுக்கவேண்டும் என்று தோன்றிற்றுப் போலும். அந்த வழக்கிலேதான் 2025 மே மாதம் நீதிமன்றம் சொல்லிற்று: இடையூறற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி, மாநிலங்கள் அதற்கான வழிமுறைகளை வகுக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்திலே 2019-இலே சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு என்ன சொல்கிறது? விதிப்படி சாலையை அமைக்காமல் விட்டு, அதனால் உயிர் போனால், அமைத்த ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். ஓட்டுநன் மட்டுமல்ல, சாலை போட்டவனும் குற்றவாளியாகலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! இந்தப் பிரிவை எந்தக் காவல் நிலையத்திலாவது யாராவது எடுத்துப் பேசக் கேட்டதுண்டா நீர்? நான் கேட்டதில்லை.

முடியுமா என்று ஐயுறுகிறவர்களுக்கு ஒரு நகரத்தைக் காட்டுகிறேன். நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோ. 2019-ஆம் ஆண்டு முழுவதிலும் அந்த நகரச் சாலைகளிலே மாண்ட பாதசாரி ஒருவர்கூட இல்லை. சைக்கிளில் போனவரும் இல்லை. வானத்திலிருந்து யாரும் வந்து காக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள், நகர நடுவிலே கார் நிறுத்தும் இடங்களைக் குறைத்தார்கள், பள்ளிகளைச் சுற்றி வண்டியைக் கட்டுப்படுத்தினார்கள். அவ்வளவுதான். அவர்கள் செல்வர்கள் என்பீர். சரி, வெள்ளைக்கோடு போடும் சுண்ணாம்புக்கும், கருவேலம் வெட்டும் அரிவாளுக்கும் நார்வேச் செல்வம் வேண்டுமா?

இனி, தோழரே, நெஞ்சிலே கைவைத்துச் சொல்லவேண்டிய ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த நடைமேடையிலே குழி தோண்டியவர்கள் யார்? மாநாட்டு வளைவுக்குக் கால் நட்டவர்கள் யார்? தலைவர் வருகிறார் என்றதும் சாலையின் இருபுறமும் பத்தடிக்கொரு கம்பம் நட்டுக் கொடி கட்டி, மறுநாள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு குழியை மட்டும் நகரத்துக்கு நினைவுப் பரிசாக விட்டுப்போனவர்கள் யார்? எல்லாக் கட்சிகளும்தான். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள்ளே நாம் ஒளிந்துகொள்ள நான் உடன்படமாட்டேன். நாமும்தான்! என் பெயரைப் பெரிதாக எழுதிய பலகை ஒன்று சென்ற ஆண்டு ஒரு பள்ளிக்கூட வாசலை மறைத்து நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார்கள். நான் காரிலே வந்து இறங்கி, மாலை வாங்கி, மக்கள் நலம் பேசிவிட்டுப் போனேன்.

2019 செப்டம்பர் 12-ஆம் நாள் சென்னைப் பள்ளிக்கரணையிலே, அரசியல்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பதாகை சரிந்து, வண்டியில் வந்த இளம் பொறியாளர் ஒருத்தி கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் நசுங்கி மாண்டாள். நாடே கண்ணீர் விட்டது. கண்ணீர் காய்ந்ததும் பதாகைகள் முளைத்தன. 2025 ஜனவரி 27-ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களிலே உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. தோழர்கள் பலர் கொதித்தார்கள். கொடி நம் உயிர் என்றார்கள். உயிர்தான், இல்லையென்று யார் சொன்னது? கம்பத்தைத் தன் வீட்டு முற்றத்திலே நடட்டும், கட்சிமனையின் வாசலிலே வானளாவ நடட்டும். கண் தெரியாதவன் கோலூன்றி வரும் வழியிலே நட்டுவிட்டு அதை உயிர் என்றால், அவன் உயிருக்கு என்ன பெயர்?

இதைப் படித்துச் சிலர் சினங்கொள்வர். "எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய்" என்று மடல் வரும். வரட்டும்.

நான் கேட்பது சிறிய வேலை. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தோழர், ஓர் அளவுநாடா, ஒரு நோட்டு. உமது தெருவிலிருந்து பள்ளி வரை, மருத்துவமனை வரை, பேருந்து நிறுத்தம் வரை நடந்து பாரும். 1.8 மீட்டர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை. மூடியில்லாத சாக்கடை எது. விளக்கெரியாத கம்பம் எது என்று குறியும். அதிலே நமது கொடிக்கம்பம் இருந்தால் அதை முதல் வரியிலே குறியும்; முதலில் அதை அகற்றும். பிறகு பட்டியலோடு மாநகராட்சிக்கும், ஊராட்சிக்கும், நெடுஞ்சாலைத் துறைக்கும் போகலாம். நடைமேடை இல்லாத சாலையிலே வண்டி எதிரே வரும் பக்கமாக, வலப்புறமாக நடக்கவேண்டும் என்பதை உப்பளத்துப் பெண்களுக்கும் பாதயாத்திரைக்காரருக்கும் சொல்லலாம். முதுகிலே வரும் லாரியைவிட முகத்துக்கு நேரே வரும் லாரி நல்லது, ஒதுங்க ஒரு கணமாவது கிடைக்கும். அடிபட்டவரை மருத்துவமனையிலே சேர்ப்பவரைக் காவல்துறை அலைக்கழிக்கக்கூடாது என்று 134-ஏ பிரிவு இருக்கிறது. அதையும் கிளை அலுவலகச் சுவரிலே எழுதிவையும். 50 ஆயிரம், 2 லட்சம் என்ற அந்த மனுவைப் பற்றியும் எழுதிவையும். எங்கள் ஆர்மோனியப் பெரியவருக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைக்கட்டும்.

அகநானூற்றிலே கொற்கைத் துறையைப் பாடிய புலவர் ஒருவர், அலை ஒதுக்கிய முத்துகள் குதிரைக் குளம்பை உறுத்தியதாகப் பாடியிருக்கிறார். குதிரைக் காலுக்கு உறுத்துவதையும் கவனித்த மொழி நம்முடையது. அந்தக் கொற்கையைக் கடல் விட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அவ்வூருக்கு இன்று சாலையோரமாக நடந்து போனால் காலிலே உறுத்துவது ஜல்லி.

வருகிற ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு நான் முத்தையாபுரத்திலே அந்தத் தேநீர்க் கடை வாசலில் நிற்பேன். இம்முறை கூட்டம் இல்லை, மாலை இல்லை, பதாகை இல்லை. கையிலே அரிவாள் இரண்டு, அளவுநாடா ஒன்று, கைவிளக்கு நாலைந்து. அந்த அம்மையாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். "வாங்க தம்பி, எங்க லாரி அதிகம் வருமுன்னு நான் காட்டுதேன்" என்றார். அவர்கள் வேலைக்குப் போகும் வழி முழுதும் கருவேலத்தை ஓரடியேனும் பின்னுக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். நீர் வருவதானால் செருப்புப் போட்டுக்கொண்டு வாரும், முள் அதிகம்.